சோறு ஓரத்துக்குப் போகும் இலை

காலையில் நாலு இட்லி. மதியம் இரண்டு தடவை வாங்கிக்கொண்ட சோறு. ராத்திரி மூன்று தோசை. நடுவே சர்க்கரை போட்ட காபி இரண்டு, சாயங்காலம் ஒரு வடையோ நாலு பிஸ்கட்டோ. இப்படிச் சாப்பிடுகிறவரை நம் ஊரில் யாரும் பெருந்தீனிக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கணக்குப் போட்டால் மாவுச்சத்து மட்டும் 270 முதல் 300 கிராம் வரை வந்துவிடுகிறது. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம், வீட்டுத் தோசை ஒன்றில் 20 கிராம் அல்லது கொஞ்சம் கூட, வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம், ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 4 முதல் 5 கிராம். சாம்பாரில் உள்ள பருப்பும் பாலும் தயிரும் மிச்சத்தைச் சேர்த்துவிடும்.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐசிஎம்ஆரோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுக் கணக்கு 2025இல் வெளிவந்தது. இந்தியர் உண்ணும் கலோரியில் சராசரியாக 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. புரதத்தின் பங்கு அதில் சின்னது. நம் ஆட்கள் பலருக்கு வயிறு மட்டும் முன்னே வந்து, கையும் காலும் மெலிந்தே இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

எவ்வளவு குறைப்பது? பொதுவாக நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தாலே லோ கார்ப் என்கிறார்கள். 50க்கும் கீழே இறக்கினால் உடம்பு கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்து எரிபொருளாக்கிக்கொள்ளத் தொடங்கும், அது கீட்டோ. தமிழ்நாட்டில் பத்தாண்டுகளாக 'பேலியோ' என்ற பெயரில் பரவியிருப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைக்கு நெருக்கமானது. என் யோசனை: 100 கிராமில் தொடங்குங்கள். 300இலிருந்து ஒரேயடியாக 30க்குக் குதிப்பவர்கள் முதல் மாதம் அதிகமாக இளைப்பார்கள், உண்மைதான். மூன்றாம் மாதம் எங்காவது ஒரு காதுகுத்து விருந்தில் பிரியாணி அண்டாவின் பக்கத்தில் அவர்களைப் பார்க்கலாம்.

இந்த முறை புதிது என்று நினைக்க வேண்டாம். 1863இல் லண்டனில் சவ அடக்க ஏற்பாடு செய்யும் தொழிலிலிருந்த வில்லியம் பேண்டிங் என்பவர், ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விட்டு இளைத்த விவரத்தைச் சிறு நூலாக எழுதினார். 1972இல் டாக்டர் அட்கின்ஸின் புத்தகம் வந்தது. அப்போதிருந்து மருத்துவர்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டபடியே இருக்கிறார்கள். ஒழுங்காக நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2008இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்றில் 322 பேரை மூன்றாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 4.7 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 2.9 கிலோவும் இளைத்தார்கள். 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வில் 609 பேர் கலந்துகொண்டார்கள். ஓராண்டு முடிவில் 6 கிலோ, 5.3 கிலோ என்று இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன.

ஆகவே இதில் மந்திரம் எதுவும் கிடையாது. புரதமும் நார்ச்சத்தும் கூடும்போது பசி அடங்குகிறது. பஜ்ஜி, மிக்சர், கிரீம் பன் என்று மாவும் கொழுப்பும் கைகோத்து வரும் தின்பண்டங்கள் தாமாகவே விலகுகின்றன. மொத்தக் கலோரி குறைகிறது. சோற்றைக் குறைத்தால் தாங்கிக்கொள்கிற, ஆனால் எண்ணெயும் தேங்காயும் இல்லாவிட்டால் சிடுசிடுக்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் இந்த வழி உங்களுக்குப் பொருந்தும். சோறு இறங்காவிட்டால் சாப்பிட்டதாகவே மனசு ஒத்துக்கொள்ளாத ஆள் என்றால் வேறு வழிகள் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொடங்குமுன் டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைப் பாதியாக்கிவிட்டு மருந்தை அதே அளவில் தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டு என்று தொடங்கி மயக்கத்தில் முடியும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறொரு ஆபத்து இருக்கிறது. மாவுச்சத்தை மிகவும் குறைக்கும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் தேங்கலாம். அந்த நேரத்தில் குளூக்கோமீட்டர் பெரிய எண் எதையும் காட்டாமலிருப்பதால் வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தாலும் பலர் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த மருந்துகளை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு கரண்டி சோற்றைக்கூடக் குறைக்க வேண்டாம்; மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் இடையில் மாற்ற வேண்டிவரலாம். வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் மருந்தின் வேலை மாறும். சிறுநீரக நோய், கணையப் பிரச்சினை, பித்தப்பைக் கல் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு மட்டும் தொடங்கக் கூடாது. மற்றவர்களும் தொடங்குமுன் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை கொலஸ்ட்ரால், யூரிக் அமிலம், கிரியேட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு எடை குறையக் குறைய எல்டிஎல் கொலஸ்ட்ரால் ஏறும். யாருக்கு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

குழம்புக்கு வந்த சோதனை

நம் சமையலில் மாவுச்சத்தைக் குறைப்பதன் உண்மையான சிக்கல் சோற்றில் இல்லை, குழம்பில் இருக்கிறது. வெள்ளைக்காரர் தட்டில் இறைச்சியும் காய்கறியும் தனித்தனியாக இருக்கும்; உருளைக்கிழங்கை நகர்த்திவிட்டால் மிச்சமும் ஒரு சாப்பாடுதான். நம் இலையில் அப்படி இல்லை. வத்தக்குழம்பின் புளிப்பு, மீன்குழம்பின் காரம், பொரியலின் உப்பு, ஊறுகாய், துவையல் எல்லாமே சப்பென்ற சோற்றோடு பிசைந்து தின்பதற்காக அளவு வைக்கப்பட்டவை. சோற்றை எடுத்துவிட்டால் அவற்றைத் தனியாக வாயில் வைக்க முடியாது. சோறில்லாமல் நாலு நாள் அதே குழம்பைக் குடித்துப் பார்த்துவிட்டு 'லோ கார்ப் நமக்கு ஒத்துவராது' என்று விட்டவர்கள் நிறைய. ஒத்துவராதது பழைய கைப்பக்குவம்.

சமையலில் மூன்று மாற்றம் போதும். குழம்பில் புளியைப் பாதியாகவும் உப்பையும் மிளகாய்த்தூளையும் மூன்றில் ஒரு பங்கும் குறைத்து, காயையோ மீனையோ இரட்டிப்பாகப் போடுங்கள். அப்போது குழம்பு என்பது கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடக்கூடிய பதார்த்தமாகிவிடும். தேங்காய்ப்பால் கொஞ்சம் சேர்த்தால் காரம் இன்னும் தணியும். அடுத்தது பொரியல். நாலு பேர் வீட்டில் ஒரு வேளைக்கு அரைக் கிலோ பீன்ஸ் வாங்குவது வழக்கம். இந்த உணவுமுறையில் இருப்பவர் ஒருவருக்கே ஒரு வேளைக்குக் கால் கிலோ காய் வேண்டும். தொட்டுக்கொள்ளும் அளவில் பொரியல் வைத்துக்கொண்டால் மூன்று மணிக்கே வயிறு கத்தும். மூன்றாவது, கூட்டு. பருப்பைப் பாதியாக்கி, சுரைக்காய், புடலங்காய், சௌசௌ, கோஸ் என்று காயைக் கூட்டி, தேங்காய் சீரகம் அரைத்துவிட்ட கூட்டு ஒரு பெரிய கிண்ணம் இருந்தால் சோறு இல்லாத குறை பாதி தீர்ந்தது. ரசத்தைத் தம்ளரில் குடிப்பது நமக்குத் தெரிந்ததுதான்.

கால் கிலோ காய் என்றால் அதை நறுக்க ஆள் வேண்டும். இளைப்பது ஒருவர், அரிவாள்மனையில் உட்காருவது இன்னொருவர் என்ற ஏற்பாடு ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது. வீட்டு ஆண்கள் இந்த வாக்கியத்தை இரண்டாம் முறையும் படிக்கலாம்.

எந்தக் காய்? தரைக்கு மேலே விளைவதில் பெரும்பாலானவை சரி: கத்தரி, வெண்டை, அவரை, புடலை, பீர்க்கை, பாகல், முருங்கை, காலிஃபிளவர், வாழைத்தண்டு, எல்லாக் கீரைகளும். மண்ணுக்குள் விளையும் உருளை, சேனை, சேம்பு, மரவள்ளி இவற்றில் மாவு அதிகம். வெந்த மரவள்ளி சோற்றையே மிஞ்சும். வாழைக்காய் வெளியில் காய்த்தாலும் மாவுப் பண்டம்தான். கேரட், பீட்ரூட், வெங்காயம் நடுவில் நிற்கும். கை தாராளமாகப் போகாமல் பார்த்துக்கொண்டால் பயமில்லை.

அசைவம் சாப்பிடுபவர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. சுறாப்புட்டு, நெத்திலி வறுவல், மிளகுக்கறி, ஈரல், ஆட்டுக்கால் சூப், முட்டைப் பொடிமாஸ் எதற்கும் சோற்றின் துணை தேவைப்படுவதில்லை. மத்தி மீன் விலை குறைவு, நல்ல கொழுப்பும் அதில் உண்டு. கோழியை மைதாவும் சோளமாவும் தோய்த்துப் பொரிக்காதவரை அதில் மாவுச்சத்து கிடையாது.

சைவர்களுக்குத்தான் கணக்குப் பார்த்து நடக்க வேண்டும். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமலிருக்க, 70 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் 70 கிராம் அளவில் புரதம் இருந்தால் நல்லது. பருப்பிலேயே அத்தனையும் வாங்கப் பார்த்தால் மாவுச்சத்தும் கூடவே வரும். துவரம்பருப்பில் பாதிக்கு மேல் மாவுதான். ஒரு நாளை இப்படி அமைக்கலாம். காலையில் 100 கிராம் பனீரில் பொடிமாஸ், அதில் 18 கிராம் புரதம். மதியம் கூட்டும் 200 கிராம் தயிரும் சேர்ந்து 12. சாயங்காலம் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, 40 கிராம் என்றால் 10. அதோடு அரைக் கிண்ணம் சுண்டல், 7. ராத்திரி 30 கிராம் சோயா உருண்டையை ஊறவைத்துப் பிழிந்து மிளகு போட்டு வதக்கினால் 15. காபிக்கான பாலையும் சேர்த்தால் 65ஐத் தாண்டிவிடும். முட்டை மட்டும் சாப்பிடுவேன் என்பவர்களுக்கு வேலை பாதி சுலபம். முட்டைக்கு 6 கிராம்.

100 கிராம் மாவுச்சத்தில் ஒரு அசைவ நாள் எப்படியிருக்கும்? காலையில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை. மதியம் முதலில் பொரியலும் கூட்டும் மீனும். கடைசியில் 100 கிராம், அதாவது ஒரு சின்னக் கிண்ணம் சோறு, தயிர் விட்டு. ராத்திரி கோழியும் கீரையும். சர்க்கரை இல்லாத காபி இரண்டு. சோற்றைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் போட்டால் 'இன்னும் கொஞ்சம்' என்று கை நீளும். வயிறு நிறைந்தபின் வருகிற சோறு வந்த அளவோடு நின்றுவிடும்.

காலிஃபிளவரைத் துருவிச் சோறு மாதிரி செய்து சாப்பிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம், தப்பில்லை. எனக்கு என்னவோ அது சோற்றை மறக்க விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருக்கும் பண்டமாகத்தான் தோன்றுகிறது.

ஏமாற்றும் நல்லவர்கள்

சிறுதானியம் லோ கார்ப் என்று ஒரு நம்பிக்கை. பச்சரிசி 100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் தினை, சாமை, கேழ்வரகில் 60 முதல் 70 வரை இருக்கிறது. நார்ச்சத்தும் தாதுச்சத்தும் கூட, மெதுவாகச் செரிக்கும், எல்லாம் சரி. ஆனால் தட்டு நிறையச் சாமைச் சோறு சாப்பிட்டால் அது தட்டு நிறையச் சோறுதான். மேலே சொன்ன 2025 ஆய்விலேயே, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றியதில் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை என்று தெரிந்தது. அதன் ஒரு பங்கைப் புரதமாக மாற்றியபோதுதான் பலன் தெரிந்தது. ராத்திரி சப்பாத்திக்கு மாறியவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு சப்பாத்தியில் 20 கிராம், நாலு சாப்பிட்டுவிட்டு டயட்டில் இருக்கிறேன் என்று சொல்லக் கூடாது.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றையும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதுங்கள். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் வரை போகும். கொய்யாவில் பாதி, பப்பாளியில் ஒரு சின்னக் கிண்ணம், நெல்லிக்காய் என்று மாற்றிக்கொள்ளலாம்.

இனி கொழுப்பு. மாவுச்சத்தைக் குறைத்தால் நெய்யும் எண்ணெயும் எவ்வளவு வேண்டுமானாலும் என்று நினைப்பவர்கள்தான் இரண்டாம் மாதத்தில் எடை நின்றுபோய்த் திகைப்பவர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பேலியோக்காரர்களின் புகழ்பெற்ற '100 பாதாம்' காலை உணவு ஏறக்குறைய 700 கலோரி. அதைச் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை வேறெதையும் தொடாமலிருந்தால் கணக்கு நேராகும். இட்லிக்கு மேல் பாதாமும், காபிக்குள் வெண்ணெயும் என்று கூட்டிக்கொண்டே போனால் எந்த உணவுமுறையும் காப்பாற்றாது. பாதாம் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு வேர்க்கடலையே போதும்.

முதல் வாரம்

முதல் வாரத்தில் எடைக்கருவி இரண்டு கிலோ, சிலருக்கு மூன்று கிலோகூடக் குறைத்துக் காட்டும். தெருவெல்லாம் சொல்லிவிட வேண்டாம். கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன. சுமார் அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சேமிப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் போகிறது, அவ்வளவுதான். இன்சுலின் தாழ்வதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். இரண்டாம் மூன்றாம் நாளில் வருகிற தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு இவற்றுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உப்புப் போட்ட மோர் இரண்டு தம்ளர், ஒரு கிண்ணம் ரசம் அல்லது எலும்பு சூப் குடித்தால் சரியாகிவிடும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பாக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்த வைத்தியத்தைச் செய்யக் கூடாது.

மலச்சிக்கல் வந்தால் காய் போதவில்லை என்று அர்த்தம். வெறும் முட்டையும் கறியுமாக ஓட்டுபவர்களுக்கு நிச்சயம் வரும்.

வெளியில் சாப்பிடும்போது

கல்யாணப் பந்தியில் இலையின் மேல்பாதி உங்களுடையது. சோறு வருவதற்கு முன்பே அவியலையும் கூட்டையும் பொரியலையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் சந்தோஷமாகவே போடுவார். பாயசம் வேண்டுமா அப்பளம் வேண்டுமா வடை வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பரோட்டாக் கடை, யாரும் எதிர்பார்க்காத வகையில், வசதியான இடம்: கலக்கி, ஆம்லெட், சுக்கா, மிளகுக்கோழி எல்லாம் அங்கே தனியாகக் கிடைக்கும். உண்மையில் கஷ்டமான இடம் சைவ டிபன் ஓட்டல்தான். பலகையில் எழுதியிருப்பதெல்லாம் மாவு. மதிய நேரமென்றால் சாப்பாடு வாங்கி, சோற்றைக் குறைத்துக்கொண்டு, கூடுதல் கூட்டும் தயிரும் கேளுங்கள். டிபன் நேரமென்றால் ஒரு அடையோ ஒரு பெசரட்டோ சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். பருப்பு சேர்ந்த மாவு என்பதால் கொஞ்சம் பசி தாங்கும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையிலிருந்து பழையபடி தொடருங்கள். பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டியதில்லை.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், காலைக்கடன் முடித்தபின் எடை பாருங்கள். தினமும் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80க்கும் கீழே கொண்டுவருவது இலக்கு. எடை அசையாத மாதத்திலும் நாடா ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். நாடாவும் அசையவில்லையென்றால், ஒரு வாரம் வாயில் போடுவதையெல்லாம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் பால் காபி, கடலை, சமையல் எண்ணெய் மூன்றில் ஒன்றுதான் மாட்டும்.

திரும்பி வருகிற சோறு

வேண்டிய எடைக்கு வந்தபின் பழைய இலைக்கே திரும்பினால் பழைய எடையும் திரும்பும். சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் 20 கிராம் மாவுச்சத்து கூட, அதாவது இரண்டு இட்லியோ ஒரு தோசையோ. எடை நிலைத்தால் மதியச் சோற்றில் இன்னொரு 70 கிராம். பலருக்கு 130க்கும் 160க்கும் நடுவே ஏதோ ஒரு இடத்தில் எடை நின்றுகொள்ளும். உங்கள் இடம் எதுவென்று நாலைந்து மாதத்தில் தெரிந்துவிடும். காய், புரதம் இரண்டின் அளவையும் மட்டும் குறைக்க வேண்டாம்.

சோற்றைக் கூட்டிய முதல் வாரத்தில் ஒரு கிலோ ஏறியிருந்தால் பதற வேண்டாம். தொடக்கத்தில் கிளைகோஜனோடு வெளியே போன தண்ணீர்தான் திரும்பி வந்திருக்கிறது. மூன்றாம் வாரத்திலும் ஏற்றம் தொடர்ந்தால், கடைசியாகச் சேர்த்ததை எடுத்துவிட்டு முந்தைய அளவிலேயே ஒரு மாதம் இருங்கள்.